‘ஸ்ட்ரெஸ்தான் மச்சி’: ஒரு பாதி உண்மையின் வரலாறு

இன்னைக்கு எபிசோட் ஒரு சொந்தக் கதையில் ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் நேரா 1936-க்குப் போயிடுவோம்.

காலேஜ் ஃபைனல் இயர், ஹாஸ்டல். என் ரூம்மேட் பேரைச் சொல்லப் போறதில்லை. அவன்கிட்ட கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். மெஸ்ஸில் எந்த டேபிளில் சிரிப்புச் சத்தம் கேட்குதோ, அங்கே அவன் இருப்பான். பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதும் முதலில் தூக்கம் போச்சு. அப்புறம் மெஸ்ஸுக்கு வர்றது நின்னுச்சு. ஒருநாள் என் லேப்டாப் கேமரா மேல டேப் ஒட்டியிருந்தது. கேட்டா, "சும்மா, சேஃப்டிக்கு" என்றான். அடுத்த மாசம், பக்கத்து ரூமில் பேசுறவங்க எல்லாரும் தன்னைப் பத்தித்தான் பேசுறாங்க என்று சொல்ல ஆரம்பித்தான்.

நாங்க என்ன சொன்னோம்? "ஸ்ட்ரெஸ்தான் மச்சி. ஊருக்குப் போய் ஒரு வாரம் நல்லா தூங்கிட்டு வா."

அவன் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க எட்டு மாசம் ஆச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க: "தம்பி, நாங்க ரொம்ப ப்ரெஷர் குடுத்துட்டோமாப்பா?"

எனக்குப் பதில் தெரியலை. ஆனா ஒண்ணு மட்டும் அப்புறமா உறைச்சது. ஒரே வார்த்தையை ரெண்டு பேரும் பயன்படுத்தியிருக்கோம். நாங்க விஷயத்தைச் சின்னதாக்க "ஸ்ட்ரெஸ்" என்றோம். அவங்க தன் மேலேயே பழி போட்டுக்கொள்ள அதே வார்த்தையை எடுத்தாங்க. உடம்பில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்னு ஒண்ணு ஓடுதே, அதுக்கும் அவனுக்கு நடந்ததுக்கும் நிஜமா என்ன சம்பந்தம்? மருத்துவ உலகம் இதே கேள்வியோட கிட்டத்தட்ட 90 வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முன்னாடியே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திடறேன். சைக்கோசிஸ் என்பது ஒரு தனி நோயின் பெயர் இல்லை, ஒரு நிலை. மத்தவங்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறது, யாரோ நம்மைக் கண்காணிக்கிறாங்க என்று அசைக்க முடியாத நம்பிக்கை வருகிறது, நிஜம் எது மனசு உண்டாக்குவது எது என்ற கோடு அழிகிறது. மனச்சிதைவு நோயில் இது வரும். இருதுருவ மனநோயிலும், கடுமையான மனச்சோர்விலும், சில போதைப் பொருட்களாலும் வரலாம்.

1936: எலிகளும் ஒரு தப்பான வார்த்தையும்

கனடாவின் மாண்ட்ரியல் நகரம், மெக்கில் பல்கலைக்கழகம். வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஒரு புது ஹார்மோனைத் தேடிக்கொண்டிருக்கிறார். சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசி போடுகிறார். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. புது ஹார்மோன் கிடைச்சிடுச்சுன்னு ஒரே சந்தோஷம்.

அப்புறம் வேற உறுப்புகளின் சாற்றைப் போட்டார். அதே மூணு மாற்றம். ஃபார்மலின் போட்டார். அதேதான். குளிரில் வைத்தாலும், ஓட விட்டுக் களைக்க வைத்தாலும் அதேதான். புது ஹார்மோன் கனவு போச்சு. ஆனா அதைவிடப் பெரிய ஒண்ணு கையில் இருந்தது: என்ன தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது. 1936 ஜூலை 4-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் இது ஒரு சின்னக் கடிதமாக வெளிவந்தது.

பின்னாடி இதுக்கு அவர் நிலைநிறுத்திய பெயர்தான் ஸ்ட்ரெஸ். இங்கே நான் கொஞ்சம் கை தூக்கணும். நம்ம ஊர் வழக்கப்படி நான் படிச்சது மெக்கானிக்கல், வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர். மெக்கானிக்கல் படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: பாரத்தின் பக்கம் இருப்பது ஸ்ட்ரெஸ், அதனால் கம்பி நீள்வதும் வளைவதும் ஸ்ட்ரெயின். செல்யே சொல்ல வந்தது உடம்பு எப்படி வளைகிறது என்பதை, அதாவது ஸ்ட்ரெயினை. அப்போது தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் அந்தச் சொல்லைத்தான் எடுத்திருப்பேன் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இது சும்மா சொல் விளையாட்டு இல்லை. பாரமும் வளைவும் ஒரே பெயரில் கலந்துவிட்டதால்தான் "அவனுக்கு ஸ்ட்ரெஸ்" என்றதும் நாம உடனே "யார் குடுத்தது?" என்று தேடுகிறோம். அந்த அம்மாவின் கேள்விக்குள்ளேயும் இந்தக் குழப்பம் இருக்கு.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமா பார்த்திடலாம். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தட்டி எழுப்பும். அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் இறங்கும். அளவு ஏறியதும் அதே கார்டிசால் மூளைக்குப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்லும். வீட்டு கீசர் சூடானதும் தானா ஆஃப் ஆகுதே, அந்த மாதிரி. காலையில் கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் எகிறி, ராத்திரிக்குள் இறங்கிவிடும். இது எல்லாருக்கும் தினமும் நடக்கிற ஆரோக்கியமான விஷயம். கார்டிசால் நம்ம எதிரி இல்லை.

1948: ஒரே வருஷம், ரெண்டு கதை

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் மேயோ கிளினிக். முடக்குவாதத்தால் எழுந்து நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு, அட்ரினல் சுரப்பியிலிருந்து கண்டெடுத்த ஒரு பொருளை ஊசியாகப் போடுகிறார்கள். சில நாளில் அவர் எழுந்து நடக்கிறார். அந்த மருந்து கார்டிசோன். உடம்புக்குள் போனதும் அது கார்டிசாலாக மாறும். இதற்காக ஃபிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து பரவலானதும் டாக்டர்கள் வேறொன்றையும் கவனித்தார்கள். மனநோய்க்கான வரலாறே இல்லாத சிலர் திடீரென்று தூக்கமில்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பேசினார்கள். சிலர் எல்லாரையும் சந்தேகப்பட்டார்கள், இல்லாததைப் பார்த்தார்கள். மருந்தைக் குறைத்ததும் பெரும்பாலோர் சரியானார்கள். 1972-ல் பாஸ்டனில் வெளியான ஒரு ஆய்வு, பிரெட்னிசோன் எடுத்த உள்நோயாளிகளிடம் இதை எண்ணிப் பார்த்தது. தினம் 40 மில்லிகிராமும் அதற்குக் குறைவும் எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு. 41 முதல் 80 வரை எடுத்தவர்களில் 4.6. அதற்கு மேல் எடுத்தவர்களில் 18.4.

ஆக, ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வகை மருந்து அளவு மீறினால் மனசைக் குழப்ப முடியும் என்பது உறுதி. ஆனா இதுவே மனச்சிதைவு நோய் கிடையாது. இது வெளியிலிருந்து போடும், சாதாரணமாக உடம்பே சுரக்காத அளவு. அந்த அளவிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. (ஆஸ்துமாவுக்கோ வேறெதுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவங்க பயந்துபோய் நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்துவது ஆபத்து. சந்தேகம் இருந்தா டாக்டரைக் கேளுங்க.)

அதே 1948-ல் இன்னொரு சொல்லும் பிறந்தது. ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனப்பகுப்பாய்வு நிபுணர் தன் கட்டுரையில், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். அதற்குப் பின்னால் எந்த அளவீடும் இல்லை. இருந்தாலும் அடுத்த பல வருஷங்களுக்கு எத்தனையோ அம்மாக்கள் டாக்டர் அறையிலிருந்து ஒரு குற்றவாளி மாதிரி வெளியே வந்தாங்க. இந்தக் கருத்தை ஆதாரம் இல்லை என்று மருத்துவ உலகம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. ஆனா வராண்டாவில் நின்ற அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லலை.

தாமதமா பார்த்த லாக்

அதே 1940-கள். அமெரிக்காவின் வூஸ்டர் நகர அரசு மனநல மருத்துவமனை. ஹட்சன் ஹோக்லண்ட், கிரிகரி பின்கஸ் என்ற இருவர், மனச்சிதைவு நோயாளிகளின் அட்ரினல் சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்கிறார்கள். பின்கஸ் யார் தெரியுமா? பின்னாடி கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவர், அவரேதான். வெப்பம் போன்ற தொல்லைகளைக் கொடுத்து உடம்பின் பதிலை அளந்தார்கள். அதிகமா இருக்கும் என்றுதானே நாம நினைப்போம்? நோயாளிகளின் பதில் மத்தவர்களைவிட மந்தமாக இருந்தது.

ஒரு பக்கம் ஹார்மோன் அதிகமானால் மனம் குழம்புகிறது. இன்னொரு பக்கம் நோயாளிகளிடம் பதில் குறைவு. எது சரி?

நம்ம வேலையில் இது தெரிந்த பிரச்சினை. சர்வர் விழுந்து ஆறு மாசம் கழிச்சு லாக் ஃபைலைத் திறந்தால், விழுந்ததற்கான காரணம் அதில் இருக்காது. விழுந்த பிறகு நடந்தது மட்டும்தான் இருக்கும். நீண்ட நாள் நோயோடு, மருத்துவமனைச் சுவர்களுக்குள் வாழ்ந்துகொண்டிருந்த மனிதர்களின் உடம்பை அளந்து, நோய் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் பதில் எப்படிக் கிடைக்கும்? ஆரம்பத்தைப் பார்க்கணும்னா ஆரம்பத்தில் அங்கே இருக்கணும்.

அந்தப் பக்கமாக முதல் பெரிய அடி வைத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள்: சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன், மனநல மருத்துவர் ஜிம் பர்லி. 1968-ல் வெளியான ஆய்வில் 50 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, நோய் வெடித்த நாளுக்கு முன்னால் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று தேதி வாரியாகக் கேட்டார்கள். நோயே உண்டாக்கியிருக்கக்கூடிய சம்பவங்களை ஜாக்கிரதையாகப் பிரித்து வைத்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, கடைசி மூன்று வாரத்துக்குள் ஏதோ ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது: வீடு மாறுதல், வேலை மாறுதல், குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனது. அதற்கு முந்தைய வாரங்களில் இப்படிப்பட்ட சம்பவங்கள் ரொம்பக் குறைவு.

இதிலிருந்து ரெண்டு விஷயம். ஒன்று, வெளி நெருக்கடிக்கு ஒரு பங்கு இருக்கு. ரெண்டு, மீதிப் பாதிப் பேருக்கு அப்படி எதுவுமே நடக்கவில்லை. வீடு மாறுகிற, வேலை மாறுகிற கோடிக்கணக்கான பேருக்கு நோயும் வருவதில்லை. 1977-ல் ஜோசஃப் ஜூபினும் போனி ஸ்பிரிங்கும் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாங்கும் எல்லை இருக்கிறது. அது மரபணு, பிறப்புக்கு முந்தைய வளர்ச்சி, இன்னும் பலவற்றால் ஆளுக்கு ஆள் மாறும். எல்லை தாழ்ந்தவருக்குச் சின்ன நெருக்கடியே போதும், எல்லை உயர்ந்தவர் பெரிய இடியையும் தாங்கிவிடுவார். ஒரே பாரம், வேற வேற கம்பி.

மெல்போர்ன்: வெடிக்கும் முன்னாடி

1994-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், பேட்ரிக் மெக்கோரியும் ஆலிசன் யங்கும் இருந்த குழு ஒரு வித்தியாசமான கிளினிக்கை ஆரம்பித்தது. நோய் வந்தவர்களுக்கு இல்லை, வரக்கூடும் என்று தோன்றும் இளைஞர்களுக்கு. லேசான சந்தேகங்கள், எப்போதாவது வந்து தானே போய்விடும் குரல், குடும்பத்தில் நோய் வரலாறோடு படிப்பில் வேலையில் திடீர்ச் சரிவு, இவைதான் அளவுகோல். நூற்றாண்டு மாறும் சமயத்தில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அப்படி வந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் சைக்கோசிஸ் முழுதாக வந்தது. பல நாட்டு ஆய்வுகளை 2012-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது அது முதல் வருஷத்தில் 22 சதவீதம்தான். அதாவது, முன்னறிகுறி இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு அந்த வருஷத்தில் நோய் வரவில்லை. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, பயப்படாம இருக்க உதவும்.

இப்போ முதல் தடவையாக, விழும் முன்னாடியே எழுதப்பட்ட லாக் கையில் கிடைத்தது. 2005-ல் மெல்போர்ன் இளைஞர்கள் 94 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள். பிற்பாடு சைக்கோசிஸ் வந்த 31 பேரின் பிட்யூட்டரி சுரப்பி, வராதவர்களுடையதைவிடச் சராசரியாக 12 சதவீதம் பெரிதாக இருந்தது. அதாவது அந்த கீசர் ரொம்ப நேரமா ஓடிக்கிட்டே இருந்திருக்கலாம். 2013-ல் எலைன் வாக்கரின் தலைமையில் வட அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆபத்து நிலையிலிருந்த 256 பேரின் எச்சிலில் கார்டிசாலை அளந்தது. ஆரோக்கியமான 141 பேரைவிட அளவு அதிகம். பிறகு நோய் வந்தவர்களிடம் இன்னும் அதிகம்.

இதே வாக்கர் 1997-லேயே ஒரு விளக்கம் எழுதியிருந்தார். சைக்கோசிஸோடு நெருங்கிய தொடர்புள்ள மூளை ரசாயனம் டோபமின். கார்டிசால் ஏறும்போது டோபமின் இயக்கமும் கூடலாம். ஏற்கெனவே அந்த அமைப்பு லேசாகத் தடம் மாறியிருக்கும் மூளையில் இது எண்ணெய் ஊற்றின மாதிரி. கார்டிசால் நெருப்பை வைப்பதில்லை, இருக்கிற நெருப்பை ஏற்றிவிடுகிறது.

வூஸ்டர் புதிருக்கும் இப்போ அர்த்தம் வருகிறது. லண்டனில் முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களை 2010-ல் ஆராய்ந்தபோது, நாள் முழுக்க கார்டிசால் அதிகமாகவும், காலையில் எகிற வேண்டிய எகிறல் மட்டும் மந்தமாகவும் இருந்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார், தேவைப்படும் நேரத்தில் உதைத்துக் கிளம்பவில்லை. அதிகமும் உண்மை, மந்தமும் உண்மை. எந்தக் கட்டத்தில், எந்த மணி நேரத்தில் அளக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஆனா அடக்கி வாசிக்கணும். பிட்யூட்டரி முடிவு எல்லா ஆய்விலும் திரும்ப வரவில்லை. கார்டிசால் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அதிகம் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, சாதாரணமா இருந்தும் வந்தவர்கள் உண்டு. அதனால் "கார்டிசால் டெஸ்ட் எடுத்தா சைக்கோசிஸ் வருமான்னு தெரிஞ்சிடும்" என்று யாராவது விளம்பரம் பண்ணினா நம்பாதீங்க. இன்னொன்று: யாரோ தன்னைக் கண்காணிக்கிறாங்க என்று நம்பிக்கிட்டு ஒருவன் ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா, அவன் கார்டிசால் ஏறாம என்ன செய்யும்? நெருக்கடி நோயைத் தூண்டுகிறது, நோயும் நெருக்கடியைத் தூண்டுகிறது. சுற்றி வருகிற வட்டத்தில் "யார் ஆரம்பிச்சது" என்று ஒரு ஆளைக் கை காட்ட முடியாது.

நார்வே செய்த சாதாரண வேலை

இத்தனை ஹார்மோன் கதைக்கு நடுவில், நிஜமாகவே நிறைய பேரின் வாழ்க்கையை மாற்றிய விஷயம் ஒரு லேபில் நடக்கவில்லை. நார்வேயின் ரோகலாண்ட் மாவட்டம், 1997. பத்திரிகை, ரேடியோ, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் சைக்கோசிஸின் ஆரம்ப அறிகுறிகளைப் பற்றிப் பிரச்சாரம். சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஒரு குழு வந்து பார்க்கும். நோய் தொடங்கிச் சிகிச்சை கிடைக்கும் வரையிலான இடைவெளி முன்பு நடுமதிப்பாக 26 வாரம். அது சுமார் 5 வாரமாகக் குறைந்தது. பிரச்சாரத்தை நிறுத்தியதும் சுமார் 15 வாரமாக மறுபடி ஏறியது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, இந்த ஏற்பாடு இருந்த பகுதியில் 31 சதவீதம் பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். இல்லாத பகுதிகளில் 15.

சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கு. சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், செல்யேயின் ஊரான மாண்ட்ரியலின் குழுவோடு சேர்ந்து, முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களை ரெண்டு ஊரிலும் ஒப்பிட்டுப் பார்த்தது. சிகிச்சையில் குடும்பத்தின் ஈடுபாடு சென்னையில்தான் அதிகம். பேச்சும் ஆர்வமும் உணர்ச்சியும் சுருங்கிப்போகிற வகை அறிகுறிகளிலும் சென்னையில் முன்னேற்றம் கூடுதல். ஒரு காலத்தில் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். இங்கே பார்த்தால், சிகிச்சையைத் தாங்கிப் பிடிக்கும் கைகளில் அவங்க கையும் ஒன்று.

இப்போ வராண்டாவுக்குத் திரும்புவோம். அந்த அம்மா இன்னைக்கு அதே கேள்வியைக் கேட்டா நான் சொல்லுவேன்: "இல்லம்மா. ப்ரெஷர் எங்க எல்லாருக்கும்தான் இருந்துச்சு. அவன் உடம்பு அதை வேற மாதிரி தாங்குச்சு. அது யாரோட தப்பும் இல்ல. தப்புன்னு ஒண்ணு இருந்தா, அந்த எட்டு மாசம். அதுல என் பங்கும் இருக்கு."

"ஸ்ட்ரெஸ்தான் மச்சி" என்று நாங்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்தப் பாதி உண்மைதான் பிரச்சினை. மீதிப் பாதியைத் தேட விடாமல் அது எங்களைத் திருப்திப்படுத்திடுச்சு. ஸ்ட்ரெஸ் என்றால் பரீட்சை முடிஞ்சதும், ஆஃபர் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். அது இறங்காம, ஒரு நண்பன் வாரக்கணக்கில் தூங்காம, ஆட்களை விட்டு ஒதுங்கி, காரணமில்லாத சந்தேகங்களோட, தன்னைக் கவனிச்சுக்கொள்வதையே விட்டுட்டான்னா, "லீவு போடு" என்று மட்டும் சொல்லாதீங்க. வாதாடாதீங்க, கிண்டல் பண்ணாதீங்க. "நானும் கூட வரேன், ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்க. எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா, 14416 டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு. தமிழிலேயே பேசலாம்.

என் நண்பன் இப்போ வேலைக்குப் போறான். மாத்திரை எடுக்கிறான். மெஸ் டேபிள் சிரிப்பு முழுசா திரும்ப வரலை, ஆனா வருது. இந்த ஸ்கிரிப்டைப் படிச்சுக் காட்டினப்போ ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னான்: "எட்டு மாசம் இல்லடா, ஒன்பது. முதல் மாசம் உனக்கே தெரியாது."

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே. இன்னைக்கு நீங்க நினைக்கிற அந்த ஒரு நண்பனுக்கு ஒரு கால் போட்டுடுங்க.